தோய்க்காமல் கொண்டுவந்த சட்டை

2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் 9.40 மணி. திருகோணமலையில் நீதிமன்றப் பதிவறையில், நீதவானின் அனுமதியுடன், மொழிபெயர்ப்பாளராகிய என்னால் தமிழில் எழுதப்படுவது. சாட்சி தானாக வந்தவர். சத்தியம் செய்தார். கையில் ஒரு காகிதப் பை வைத்திருக்கிறார். அவர் சொன்னது வருமாறு:

என் பெயர் அருளம்பலம் புஷ்பவதி. வயது முப்பத்தெட்டு. இந்து. திருமணமாகாதவள். அன்புவழிபுரத்தில் வசிக்கிறேன். கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் விற்கும் பகுதியில் வேலை செய்கிறேன். தாய் தந்தையர் இல்லை. இப்போது தடுத்து வைக்கப்பட்டிருக்கும் அருளம்பலம் குகதாசன், வயது இருபத்தொன்பது, என் கூடப்பிறந்த தம்பி. எனக்கு அவனைத் தவிர வேறு யாரும் இல்லை.

கடந்த மார்ச் மாதம் 12ஆம் திகதி நான் ஒரு தாளில் கையெழுத்திட்டேன். தம்பியின் கைகளுக்குக் கீழே, இரண்டு கமக்கட்டுகளிலும் உள்ள தழும்புகள் சிறுவயதில் முள்ளுக்கம்பி வேலியில் விழுந்ததால் வந்தவை என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய். என்னை யாரும் அடிக்கவில்லை, வெருட்டவில்லை. நானாகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை தம்பியைத் தெற்கில் உள்ள தடுப்பு முகாமுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். அங்கே போய்விட்டால் அவனை எப்போது காண்பேன் என்று தெரியாது. அதற்கு முன்னர் உண்மை எழுதப்பட வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் கை வியர்க்கும். வெயிலுக்கு வியர்ப்பதைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் உள்ளதுதான். இது மார்கழி மழையிலும் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனியால் சொட்டுகிற வியர்வை. பயம் வந்தால், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், இன்னும் கூடும். தம்பி பள்ளிக்கூடத்தில் கொப்பியின் மேல் லேஞ்சி என்கிற கைக்குட்டையை விரித்து அதன் மேல் கையை வைத்துத்தான் எழுதினான். வீட்டில் அவன் தீப்பெட்டியைத் தொடக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தார், தொட்டால் பெட்டி முழுவதும் நமத்துப்போகும். என்னைக் கடையில் முதலில் சீனி நிறுக்க விட்டார்கள். நிறுத்ததில் ஒரு பங்கு என் கையோடு வந்தது. முகாமையாளர் சிரித்துவிட்டு என்னை மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். மண்ணெண்ணெய் யாருடைய கையையும் குறை சொல்லாது.

1987ஆம் ஆண்டு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் தேநீர் கொடுத்தேன். மாப்பிள்ளையின் தாயார் கோப்பையின் கீழ்த்தட்டில் இருந்த என் விரல் ஈரத்தைக் கண்டு, தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டுத்தான் குடித்தார். அதன் பின்னர் தரகரிடம், “அந்தப் பிள்ளைக்கு ஏதோ வருத்தம் இருக்குப்போல” என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்து யாரும் பெண் பார்க்க வரவில்லை. இது வழக்குக்குத் தேவையா என்று நீங்கள் கேட்டீர்கள். தேவை. பின்னால் நான் செய்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

தம்பி 1995ஆம் ஆண்டிலிருந்து துறைமுகத்தில், கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பதிகிற லிகிதராக வேலை செய்தான். வாசலில் தினமும் பாஸைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். அவன் கைபட்டு பாஸில் இருந்த ஊதா முத்திரை கரைந்து பெயரும் கலங்கிப்போனது. கடந்த வருடம் மே மாதம் அந்தப் பாஸ் கள்ளப் பாஸ் என்று சொல்லி அவனை நாலு மணித்தியாலம் வெயிலில் இருத்தினார்கள். காவலில் நின்றவர் அவன் உள்ளங்கையை அமத்திப் பார்த்து, “கையில தண்ணி. ஏன் பயம்? என்ன ஒளிக்கிறது?” என்று கேட்டாராம். அவனோடு வேலை செய்யும் கிண்ணியா லாபிர் வந்து பொறுப்பெடுத்த பின்னர்தான் விட்டார்கள். அந்த மாதத்திலும் அடுத்த மாதத்திலுமாக இப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றாம் தடவை தம்பி வீட்டுக்கு வந்து கையைக் கழுவினான், துடைத்தான், மறுபடியும் கழுவினான். வேலையை விடப்போகிறேன் என்றான்.

அதன் பின்னர் லாபிர் ஒரு செய்தி கொண்டுவந்தார். இப்படிக் கை வியர்த்த அவருடைய உறவினர் ஒருவருக்குக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தார்களாம், இப்போது கை காய்ந்துவிட்டதாம். வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் டொக்டர் ஒருவர் அதைச் செய்கிறார் என்றும், நெஞ்சைப் பிளப்பதில்லை, சின்னத் துளைதான் என்றும் சொன்னார். யூலை மாதம் 6ஆம் திகதி தம்பி லாபிரோடு கொழும்புக்குப் போனான். லாபிருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, அதனால் வழியில் பெரிய தொந்தரவு இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் தங்கி, பொலிஸில் பதிந்து, டொக்டருடைய முறை வரும்வரை காத்திருந்தார்கள். 24ஆம் திகதி திரும்பி வந்தார்கள்.

அந்தச் சத்திரசிகிச்சை எப்படிச் செய்யப்பட்டது என்பதைத் தம்பி எனக்கு விளங்கப்படுத்தியபடி சொல்கிறேன். டொக்டர் அவனுக்குப் படம் கீறிக் காட்டியிருந்தார். முதுகெலும்பை ஒட்டி, நெஞ்சுக்குள், விலா எலும்புகள் தொடங்கும் இடத்தில் ஒரு நரம்பு மேலும் கீழுமாக ஓடுகிறது. வியர்க்கச் சொல்லி அந்த வழியாகத்தான் கைக்குச் செய்தி போகிறது. மயக்கிவிட்டு, ஒவ்வொரு கமக்கட்டிலும் இரண்டு சிறிய துளை போட்டு, அந்தப் பக்கத்து நுரையீரலைக் கொஞ்சம் சுருங்கவிட்டு, ஒரு துளையால் கமராவும் மற்றதால் சூடேறிய மெல்லிய கம்பியும் விட்டு, அந்த நரம்பைச் சுட்டுத் துண்டித்து, அதன் பின்னர் நுரையீரலை விரியச் செய்து தையல் போடுவார்கள். இரண்டு பக்கமும் இப்படியே. ஆகவே அவனுக்கு நான்கு தழும்புகள். ஒவ்வொன்றும் ஒரு உளுந்தின் அளவுதான். கண் விழித்தபோது கை காய்ந்து சூடாக இருந்ததாம். வேறு யாருடைய கையோ என்று நினைத்தானாம்.

வீட்டுக்கு வந்த அன்று அவன் குசினிக்குள் வந்து, தீப்பெட்டியை எடுத்து, முதல் உரசலிலேயே பற்றவைத்தான். எனக்கு முன்னால் ஆறு குச்சியை வீணாக்கினான். நான் ஏசவில்லை. அதன் பின்னர், “அக்கா, அடுத்தது நீ” என்றான். எனக்கு எதற்கு, மண்ணெண்ணெய்தானே என்றேன்.

டொக்டர் ஒரு விசயத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார். கையில் மறித்த வியர்வை உடம்பில் வேறு இடத்தால் வரக்கூடும் என்று. அது அப்படியே நடந்தது. ஓகஸ்ட் மாதத்திலிருந்து தம்பிக்கு முதுகிலும் வயிற்றிலும் வியர்வை ஊற்றியது. பயம் வந்தால் கை காய்ந்திருக்கும், சட்டையின் பின்பக்கம் பிழியலாம். அவன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாசலில் நிற்பவர்கள் கையைத்தானே பார்க்கிறார்கள், முதுகைப் பார்ப்பதில்லையே என்று சிரித்தான். உண்மைதான். அதற்குப் பிறகு எட்டு மாதம் வாசலில் ஒரு தொந்தரவும் வரவில்லை.

இனி நான் சொன்ன பொய்களைச் சொல்கிறேன். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் சிக்கனக்காரி, மூன்றுதான் சொன்னேன். தம்பி கொழும்பில் இருந்த அந்தப் பதினெட்டு நாளுக்கு, அவனுடைய அலுவலகத்துக்குச் செங்கமாரி, அதாவது மஞ்சள் காமாலை, என்று நாட்டுவைத்தியப் பரிகாரியாரிடம் துண்டு வாங்கிக் கொடுத்தேன். அயலவர்களுக்குத் திணைக்களப் பரீட்சை என்றேன். பெண் வீட்டார் என்று யாராவது பின்னுக்கு வந்தால் அவர்களுக்குச் சொல்ல, கதிர்காம யாத்திரை என்று ஒன்றை எடுத்து வைத்தேன். யாத்திரை போனவன் என்றால் நல்ல பெயரும் சேரும் அல்லவா. நெஞ்சுக்குள் கம்பி விட்டு நரம்பு வெட்டிய பிள்ளைக்கு யார் பெண் தருவார்கள் என்பது ஒன்றுதான் அப்போது என் தலைக்குள் இருந்தது.

இந்த வருடம் சனவரி மாதம் தம்பிக்குச் சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் தவமலர். அவரை வளர்த்தவர் தாய்மாமன் சோமசேகரம் ஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர். அவருடைய மனைவி அன்னலட்சுமி அம்மா. யாத்திரைக் கதையை அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டை, ஆங்கிலத்தில் எழுதி டொக்டர் கையெழுத்து வைத்ததை, அலுமாரியிலிருந்து எடுத்து அடுப்பில் போட்டேன். தம்பிக்குக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சோமசேகரம் ஐயாவும் அன்னலட்சுமி அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன்னர் இரண்டு தடவை வந்தும் ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது வழக்கம். அன்று சாப்பிட வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதாவது, சம்மதம். நான் ஏழு கறி வைத்தேன். வாழையிலை போட்டு, சோறு போட்டு, பருப்பு ஊற்றப்போகிற நேரம் ஒழுங்கையில் நாய்கள் குரைத்தன. அதன் பின்னர் படலை திறந்தது. இராணுவத்தின் சுற்றிவளைப்பு.

சண்டைக் காயம் இருக்கிறதா என்று பார்க்க, ஆண்கள் முற்றத்துக்கு வந்து சட்டையைக் கழற்ற வேண்டும் என்றார்கள். சோமசேகரம் ஐயா வயதானவர் என்று அவரை இலையின் முன்னாலேயே இருக்கவிட்டார்கள். தம்பி அன்றைக்கென்று வாங்கிய வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கையை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினான். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் கிட்ட வந்து பார்த்தார். நான் யன்னலுக்குக் கிட்ட நின்றதால் எனக்குக் கேட்டது. உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

“இது என்ன காயம்?”

“ஒப்பரேசன் சேர்.”

“என்ன ஒப்பரேசன்?”

“கை வேர்க்கிறதுக்கு.”

அதிகாரி அதைச் சிங்களத்தில் தன் ஆட்களுக்குச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பிழை சொல்லமாட்டேன். கை வியர்த்தால் கமக்கட்டில் வெட்டுவார்கள் என்று யார்தான் நம்புவார்கள். அதன் பின்னர் அந்த அதிகாரி உள்ளே வந்து, பருப்புச் சட்டியோடு நின்ற என்னிடம் கேட்டார்.

“நீங்க அக்காவா? தம்பிக்குக் கைக்குக் கீழ காயம் இருக்கு. எப்பிடி வந்தது?”

அன்னலட்சுமி அம்மா இலையில் இருந்து முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதைத்தான் நான் கண்டேன். துவக்கைக் காணவில்லை, அதிகாரியைக் காணவில்லை. ஒரு பெண் என் விரல் ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைக்கிறதுதான் என் கண்ணுக்குள் நின்றது.

“சின்னனில முள்ளுக்கம்பி வேலியில விழுந்தவன் சேர்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ஓம் சேர். ரெண்டு பக்கமும்.”

தம்பி வெளியே யன்னலுக்கு நேரே நின்றான். அவனுக்கு அது கேட்டது. “அக்கா” என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. கைதவறிக் கிணற்றுக்குள் வாளியை விட்டவன் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தான். அவன் சொன்ன உண்மை பொய்போல இருந்தது, நான் சொன்ன பொய் உண்மைபோல இருந்தது. ஒரே காயத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு கதை. சட்டையைப் போடச் சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

(இவ்விடத்தில் சாட்சி தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொடுக்கப்பட்டது.)

நான் பின்னால் முகாம்வரை நடந்தே போனேன். சோமசேகரம் ஐயா என்னைத் தனியே விடக்கூடாது என்று துணைக்கு வந்தார். அங்கே நான் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, தமிழில் சுருக்கமாகச் சொல்லிக் காட்டி, சரியா என்று கேட்டார்கள். அப்போதாவது மாற்றியிருக்கலாம். ஆனால் ஐயா பக்கத்தில் நின்றார். ஒரு நல்ல மனிதர் துணைக்கு வந்ததால் நான் அதே பொய்யை இரண்டாம் தடவையும் சொன்னேன். அதன் பின்னர் கையை லேஞ்சியால் நன்றாகத் துடைத்துக் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

அதற்கு அடுத்த கிழமை அவர்கள் தம்பியைப் பற்றி விசாரித்தார்கள். சென்ற வருடம் யூலை மாதம் அவன் எங்கே இருந்தான் என்று கேட்டதற்கு, அலுவலகம் செங்கமாரி என்றது. அயலவர்கள் பரீட்சை என்றார்கள். பெண் வீட்டார் கதிர்காமம் என்றார்கள். தம்பி மட்டும் ஆஸ்பத்திரி என்றான். பதினெட்டு நாள், நாலு இடம், உடம்பில் நாலு தழும்பு. வேறு என்ன நினைப்பார்கள். காட்டில் இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன், அங்கே காயப்பட்டவன் என்று எழுதிக்கொண்டார்கள். லாபிர் முகாம் வாசலுக்குப் போய், நான்தான் கூட்டிக்கொண்டு போனவன், ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவன் என்று சொன்னார். கூடப்பிறந்த அக்காவே கையெழுத்து வைத்திருக்கிறாள், நீ யார் என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் தம்பிக்கு உடுப்புக் கொடுக்கலாம். சுத்தமானதைக் கொடுத்தால் அழுக்கானதைத் தருவார்கள். ஆளைக் காட்டுவதில்லை. 14ஆம் திகதி அந்த வெள்ளைச் சட்டை வந்தது. கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை பின்பக்கம் முழுவதும் உப்புப் பூத்து, ஆற்றோரத்து வண்டல்போல கோடு கோடாக இருந்தது. நான் அதைச் சவர்க்காரம் போட்டு அடித்துத் தோய்த்து, நீலம் போட்டுக் காயவைத்தேன். 17ஆம் திகதி வந்த சட்டையையும் அப்படியே தோய்த்தேன். 21ஆம் திகதி வந்ததையும் தோய்த்தேன். அழுக்கென்றால் தோய்க்கத்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை உடுப்புக் கொடுக்கப் போனபோது என்னை உள்ளே கூப்பிட்டார்கள். ஓர் அதிகாரி இருந்தார். முன்னர் வந்தவர் அல்ல. கதிரை தந்தார். மரியாதையாகத்தான் பேசினார். மொழிபெயர்க்க ஒருவர் நின்றார், அதிகாரியை ஐயா என்று குறிப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“உங்கட தம்பி சாதாரண ஆள் இல்லை எண்டு ஐயா சொல்லுறார். இஞ்ச கொண்டுவாற ஆக்கள் எல்லாருக்கும் கை நடுங்கும், கை நனையும். ஐயா முதலில கையைத்தான் பிடிச்சுப் பாக்கிறவர். பன்னிரண்டு நாளா உங்கட தம்பியின்ர கை காய்ஞ்சு கிடக்கு. ஒருநாள்கூட நனையேல்லை. இப்பிடிப் பயமில்லாமல் இருக்க, பெரிய பயிற்சி எடுத்தவனாலதான் ஏலும் எண்டு ஐயா சொல்லுறார்.”

அந்த அதிகாரியின் குரலில் தம்பியைப் பற்றி ஒரு மதிப்பு இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கை நனைந்தால் எதையோ ஒளிக்கிறவன், கை காய்ந்தால் பயமில்லாதவன். நனைந்தாலும் குற்றம் காய்ந்தாலும் குற்றம் என்றால் ஒரு மனிதன் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது. நான் வாயைத் திறந்தேன். “சேர்” என்பதற்கு மேல் வரவில்லை. என் லேஞ்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன், அது நனைந்து என் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வெளியே எப்படி வந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. லாபிர் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டதாகப் பிறகு சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் சோமசேகரம் ஐயா தனியே வந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. ஆகவே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கை வியர்த்தது, பாஸ் கரைந்தது, கொழும்புக்குப் போனது, துண்டை எரித்தது. நான் முடித்த பின்னர் ஐயா சொன்னார்:

“எனக்கு அது மாசியிலேயே தெரியும் பிள்ளை. மாப்பிள்ளையை விசாரிக்காமல் பொம்பிளை குடுப்பமே? லாபிரைப் பிடிச்சுக் கேட்டனான். கை வேர்க்கிறதுக்கு ஒப்பரேசன் செய்தவன் எண்டு சொன்னார். அதுக்கென்ன, கண்ணாடி போடுற மாதிரித்தானே எண்டு என்ர மனிசியும் சொன்னா. தவமலருக்கும் தெரியும்.”

அப்படியானால் அன்றைக்கு ஏன் பேசாமல் இருந்தீர்கள், பக்கத்தில் நின்றீர்களே என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நீ முள்ளுக்கம்பி எண்டவுடன, ஏதோ காரணத்தோடதான் சொல்லுறாய், அவனைக் காப்பாத்தத்தான் சொல்லுறாய் எண்டு நினைச்சன். அக்கா ஒண்டு சொல்ல, பிறத்தியான் நான் வேற கதை கதைச்சால் பெடியனுக்குத்தானே ஆபத்து? பிறகு எங்களிட்ட வந்து கேக்கேக்கையும் நீ சொன்ன கதிர்காமத்தையே சொன்னம்.”

அதாவது, அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று நான் பொய் சொன்னேன். தெரிந்திருந்தும் எனக்காக அவர்கள் அந்தப் பொய்யைக் காப்பாற்றினார்கள். யாருக்கும் தேவைப்படாத ஒரு பொய்யால் என் தம்பி உள்ளே இருக்கிறான். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அடி நான் வாங்கியதில்லை. ஐயா, “சோறு இருக்கே பிள்ளை? அண்டைக்குச் சாப்பிடாமல் போனது” என்று கேட்டார். பழைய சோறும் கீரையும்தான் இருந்தது. போட்டேன். சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போனார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

27ஆம் திகதி திங்கட்கிழமை முகாமுக்குப் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கையெழுத்து வைத்தாயிற்று, இனி எதுவும் நீதிமன்றத்தில் சொல் என்றார்கள். லாபிர் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கேட்டார். நோயாளி நேரில் வந்தால்தான் பதிவு தருவோம் என்றார்கள், அல்லது நீதிமன்றம் கேட்க வேண்டுமாம். அந்த டொக்டர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அதன் பின்னர் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, விண்ணப்பம் போட்டு, இன்றைக்குத்தான் இந்த இடம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் அவர்கள் தங்கியதும் பொலிஸில் பதிந்ததும் புத்தகத்தில் இருக்கும். லாபிரும் சோமசேகரம் ஐயாவும் வெளியே வாங்கில் உட்கார்ந்து இருக்கிறார்கள். கூப்பிட்டால் சொல்வார்கள்.

இந்தக் காகிதப் பையில் இருப்பது தம்பியின் சட்டை. 24ஆம் திகதியிலிருந்து அழுக்குடுப்பு எதையும் திருப்பித் தராமல் இருந்துவிட்டு, கடந்த செவ்வாய்க்கிழமை, 4ஆம் திகதி, முகாம் வாசலில் இதைத் தந்தார்கள். நீல நிறம், அதனால் உப்பு நன்றாகத் தெரியும். பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கோட்டின் மேல் ஒரு கோடாக ஏழு எண்ணலாம். நனைந்து காய்ந்து, அதன் மேல் நனைந்து காய்ந்தது. என் தம்பி பயமில்லாதவன் என்கிறார்களே, அவனுடைய பயம் முழுவதும் இதில் இருக்கிறது. மூன்று சட்டையை நானே தோய்த்து அந்தச் சாட்சியத்தை வாய்க்காலில் விட்டேன். இதைத் தோய்க்கவில்லை. தோய்க்காமல் கொண்டுவந்திருக்கிறேன். அந்த அதிகாரி இனிக் கேள்வி கேட்கும்போது தம்பியின் கையை விட்டுவிட்டு முதுகில் கையை வைத்துப் பார்க்கட்டும். அதற்கு நீதவான் கட்டளையிட வேண்டும் என்று கேட்கிறேன்.

கை இப்படியும் வியர்க்குமா, அதற்கு ஒருவன் நெஞ்சுக்குள் கம்பி விடுவானா என்று நீதவான் கேட்கலாம். இதோ என் லேஞ்சியை மேசையில் வைக்கிறேன். உங்கள் மேசையில் உள்ள வெள்ளைத் தாளில் என் இரண்டு கையையும் வைத்து எடுக்கிறேன். பாருங்கள். இதுதான் என் தம்பியின் பழைய கை. முப்பது வருடமாக இதை நானாக ஒருவருக்கும் காட்டியதில்லை. நீதவான் வருவதற்குள் இந்த ஈரம் காய்ந்துவிடும். ஆகவே நீங்கள் கண்டதை நீங்களே எழுதிவிடுங்கள்.

(சாட்சி இரண்டு கைகளையும் தாளில் வைத்து எடுத்தார். பத்து விரல்களும் உள்ளங்கைகளும் ஈரமாகப் பதிந்து, தாளின் மறுபக்கம்வரை ஊறியதை நான் கண்டேன். தாள் ‘அ’ எனவும், நீலச் சட்டை ‘ஆ’ எனவும் அடையாளமிடப்பட்டு இத்துடன் இணைக்கப்படுகின்றன.)

நான் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் ஒன்றுதான். வாசிக்கக் கேட்டேன், எதையும் மாற்றத் தேவையில்லை. இதில் உள்ளது உண்மை, மார்ச் 12ஆம் திகதித் தாளில் உள்ளது பொய், இரண்டும் என் வாயால் வந்தவை. இதை அறிந்தே கீழே கையெழுத்து வைக்கிறேன்.

அ. புஷ்பவதி

(கையெழுத்திடும்போது தாள் நனைந்து, மை பரவி, எழுத்துகள் தெளியவில்லை. கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கும்படி சாட்சியிடம் லேஞ்சி கொடுக்கப்பட்டது. சாட்சி அதை வாங்க மறுத்து, துடைத்து வைத்த கையெழுத்து ஏற்கனவே ஒன்று இருக்கிறது என்றார். ஆகவே கையெழுத்து உள்ளபடியே ஏற்கப்பட்டது. முற்பகல் 11.25 மணி.)